‘வருது’ என்பது ஓர் இடமல்ல

“வருது” என்று சொல்லி அவரிடமிருந்து தப்பிய ஓர் ஆளை நான் கண்டதில்லை.

“எங்க வருது?” என்பார்.

“வந்துகொண்டிருக்குது மிஸ்.”

“அது இடம் இல்லை அண்ணை. இடத்தைச் சொல்லுங்கோ. இப்ப, இந்த நிமிசம், அந்தப் பெட்டி எந்தக் கட்டடத்துக்கு முன்னால நிக்குது?”

தெரியாது என்றால் ஏசமாட்டார். ஏசினாலாவது பரவாயில்லை. கையில் எப்போதும் இருக்கும் சுருள்கம்பிக் கொப்பியைத் திறந்து, ஒரு கேள்விக்குறி போட்டு மூடிவிடுவார். அந்தக் கேள்விக்குறி நம்முடைய வயிற்றுக்குள் வந்து இருந்துகொள்ளும். நான் துறைமுகத்தில் சாமான் விடுவிக்கிற கடதாசிகளோடு ஓடித்திரிந்து தொழில் பழகியவன். எந்தக் கடதாசி எந்த மேசையில் கிடக்கிறது என்று கேட்டால் கண்ணை மூடிக்கொண்டு சொல்வேன். பெட்டி எங்கே நிற்கிறது என்று என்னை யாரும் அதற்கு முன்பு கேட்டதில்லை.

நாங்கள் எல்லாரும் அவரை மிஸ் என்றுதான் கூப்பிட்டோம். வியாபாரங்களுக்கு சப்ளை செயின் ஆலோசனை சொல்வது அவருடைய தொழில். ஒரு பொருள் தொழிற்சாலையை விட்டுப் புறப்பட்டு, அதை வாங்குகிறவன் கைக்குப் போகும்வரை எத்தனை கை மாறுகிறது, எங்கெங்கே நிற்கிறது, எங்கே கெட்டுப்போகிறது என்று பார்த்துச் சொல்லவேண்டும். கொட்டாஞ்சேனையில் நானும் நிஸாம் நானாவும் கூட்டாக நடத்தியது சின்ன மருந்து விநியோகம். இன்சுலின் தருகிற வெளிநாட்டுக் கம்பனி, உங்கள் குளிர் ஏற்பாட்டை ஓர் ஆலோசகர் பார்த்து ஒப்புக்கொண்டால்தான் தொடர்ந்து தருவோம் என்று எழுதிவிட்டது. அப்படித்தான் அவர் வந்தார்.

வந்த அன்று நானா அவருடைய கார்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். “செயின் செயின்னு போட்டீக்குது. தம்பி, இவ யாரைக் கட்டிப்போட வந்தீக்கிறா?”

“உங்களைத்தான் நானா,” என்றார் மிஸ், சிரிக்காமல்.

நானா ஒரு நாளைக்கு இரண்டு தரம் இன்சுலின் ஏற்றிக்கொள்கிற ஆள். சட்டையை உயர்த்தி வயிற்றைக் காட்டி, “நான்தான் மிஸ் எங்கட கம்பனிட முதல் கஸ்டமர்,” என்று பெருமையாகச் சொல்வார்.

முதல் கிழமையே மிஸ் எங்கள் குளிர் அறையின் வெப்பநிலைத் தாளைச் சுவரிலிருந்து கழற்றி மேசையில் வைத்தார். இரண்டு மணித்தியாலத்துக்கு ஒரு தரம் பார்த்து எழுத வேண்டிய தாள். மேலிருந்து கீழாக ஐந்து, ஐந்து, ஐந்து.

“ஆர் எழுதினது?”

“நான்தான்,” என்றேன்.

“கரண்ட் இல்லாத மத்தியானமும் ஐஞ்சு. மழை கொட்டின பின்னேரமும் ஐஞ்சு. எல்லா ஐஞ்சும் ஒரே பேனை, ஒரே சரிவு. காலமை தேத்தண்ணி குடிச்சுக்கொண்டு முழு நாளுக்கும் எழுதிப்போட்டீங்கள், என்ன?”

எனக்குக் காது சுட்டது. உண்மையும் அதுதான். காலையிலேயே எழுதிவைத்துவிட்டால் வேலை முடிந்தது. அறை எப்படியும் ஐந்தில்தானே நிற்கும் என்ற நம்பிக்கை.

“கையெழுத்துக்கு வேர்க்காது அண்ணை,” என்றார். “மருந்துக்கு வேர்க்கும்.”

இப்படி அவர் சொன்னவற்றை நான் கலண்டர்த் தாள்களின் பின்பக்கம் எழுதி வைத்திருக்கிறேன். பொருள் ஓடும்போது கெடுவதில்லை, நிற்கும்போதுதான் கெடுகிறது என்பார். அதிலும், ஒருவன் கொடுத்துவிட்டேன் என்று நினைக்க, மற்றவன் இன்னும் வாங்கவில்லை என்று நினைக்கிற இடத்தில் நிற்கும்போது. அப்படியான இடங்களை அவர் தேடிப்போய்ப் பார்ப்பார். வெள்ளைக் கன்வஸ் சப்பாத்து, கைப்பையில் திறப்புக்கோர்வை போலத் தொங்கும் ஒரு சின்ன வெப்பமானி. லொறியில் சாரதிக்குப் பக்கத்து ஆசனத்தில் ஏறி உட்கார்ந்துவிடுவார்.

நானாவின் மருமகள் கலியாணத்துக்கு வெள்ளவத்தை மண்டபம் ஒன்றுக்குப் போயிருந்தோம். மிஸ்ஸைக் காணவில்லை. தேடிப் போனால் இனிப்புத் தட்டோடு வந்த சமையல்காரரை மறித்துக்கொண்டு நிற்கிறார். “இந்த வட்டிலப்பம் காலமையில இருந்து எங்க நிண்டது?” சமையல்காரர் என்னைப் பரிதாபமாகப் பார்த்தார். நானா வந்து, “மிஸ், அது மருந்தில்ல. வாயில வெச்சா எங்க ஈந்ததுண்டு மறந்து போகும்,” என்று இழுத்துக்கொண்டு போனார். மிஸ் சாப்பிட்டார். ஆனால் விளிம்பிலிருந்துதான் சாப்பிட்டார். நடுவில் சூடு தங்கும் என்று சொன்னார்.

சிரிக்கிற சங்கதிதான். எல்லாம் அப்படியில்லை. மாலை நாலு மணியானால் அவருடைய போன் மேசையில் முகம் மேலே பார்க்கக் கிடக்கும். மகள் இரத்மலானையில் படித்துக்கொண்டிருந்தாள். பஸ்ஸில் வரும்போது ஒவ்வொரு இடமாக அனுப்புவாள். ‘கல்கிசை.’ கொஞ்சம் பொறுத்து, ‘தெகிவளை.’ பிறகு, ‘வெள்ளவத்தை.’ வேறு ஒரு சொல் இராது. ஒருநாள் கல்கிசைக்குப் பிறகு ஒன்றும் வரவில்லை. மிஸ் என்னோடு கதைத்துக்கொண்டுதான் இருந்தார், ஆனால் ஒரே வசனத்தை மூன்று தரம் சொன்னார். பேனை மூடியைக் கழற்றிக் கழற்றிப் போட்டார். முக்கால் மணித்தியாலம் கழித்து ‘வீடு’ என்று வந்தது. பஸ் பழுதாகி, பிள்ளை நடந்து வந்திருக்கிறாள். மிஸ் எழுந்து போய் முகத்தைக் கழுவிக்கொண்டு வந்தார்.

“ஏன் மிஸ் இப்பிடிப் பயப்படுறீங்கள்?” என்று கேட்டேன்.

“காரணம் சொன்னா நீங்கள் தாளைச் சரியா எழுதுவீங்களோ?” என்றார். அதோடு அந்தக் கதை முடிந்தது. அவரைப் பற்றி ஒவ்வொருவர் ஒவ்வொரு கதை சொல்வார்கள். நான் ஒன்றையும் நம்பவில்லை. சில பேருக்குக் காரணம் தேவையில்லை, கண் அப்படி.

டீசலுக்கு நாடே வரிசையில் நின்ற காலம் வந்தது. கரண்டும் வந்து வந்து போகும். பாமசிகளில் இன்சுலின் இல்லை. எங்கள் போன் காலையிலிருந்து அடிக்கும். வெள்ளவத்தைப் பாமசிக்கார அம்மா ஒருவர் நாளுக்கு நாலு தரம் எடுப்பார். “தம்பி, ஆக்கள் வாசல்ல நிக்கினம். நான் என்னத்தைச் சொல்ல?” நான் வழக்கம்போல், “வருது அக்கா” என்பேன். சொல்லிவிட்டு மிஸ் பக்கத்தில் நிற்கிறாரா என்று திரும்பிப் பார்ப்பேன்.

ஒருவழியாக விமானத்தில் சரக்கு வந்தது. அன்று மிஸ்ஸுக்கு இரத்மலானையில் வேறொரு கம்பனியின் வேலை. எரிபொருள் இல்லாததால் அங்கிருந்து விமான நிலையம் வர வழியில்லை. போனில் எனக்குப் பத்துத் தரம் சொன்னார். பெட்டிகளோடு வெப்பநிலையைப் பதிகிற சின்னக் கருவி ஒன்று வரும், அது எங்கள் குளிர் அறைவரை பெட்டியோடேயே வரவேண்டும் என்று. நானும் ஓம் ஓம் என்றேன். ஆனால் விமான நிலையத்தில் அந்தக் கருவியின் பதிவை அச்செடுத்துக் கடதாசிகளோடு சேர்த்துக் கொடுத்தால் ஒரு நாள் முந்திச் சரக்கை எடுக்கலாம் என்றார்கள். வாசலில் நிற்கிற ஆட்களை நினைத்தேன். கருவியைக் கழற்றி எடுத்துக்கொண்டு அங்கேயிருந்த அலுவலகத்துக்கு ஓடினேன். சரக்கு கைக்கு வந்ததும், கருவி என் பையிலேயே இருக்க, லொறியை அனுப்பிவிட்டேன்.

லொறி சாரதி முருகேசு, ஹட்டன் பக்கத்து ஆள், நேர்மையானவர். அவருக்கு நாங்கள் சொல்லி அனுப்பியது இரண்டே விசயம். நேரத்துக்கு வரவேண்டும். குளிர் குறையக்கூடாது.

நேரத்துக்கு வந்தார். பெட்டிகளைத் தொட்டால் கை விறைத்தது. நானா பெட்டி ஒன்றைக் கட்டிப்பிடித்துக் கொஞ்சினார். குளிர் அறையில் அடுக்கிவிட்டு முருகேசுவுக்கு பிளேன்டீயும் கொடுத்து அனுப்பினோம்.

மறுநாள் காலை மிஸ் வந்து குளிர் அறைக்குள் போனார். போனவர் வரவில்லை. நான் எட்டிப் பார்த்தேன். குந்தியிருந்து அடிப்பெட்டியில் மூக்கை வைத்துக்கொண்டிருந்தார்.

“அண்ணை, மருந்துப் பெட்டியில ஏன் மீன் மணக்குது?”

முருகேசுவைக் கூப்பிட்டோம். மிஸ் அவரிடம் என்ன செய்தாய் என்று கேட்கவில்லை. எங்கே நின்றாய் என்று மட்டும் கேட்டார். அடுத்து எங்கே. அதற்கு அடுத்து எங்கே. கொப்பியில் இடங்கள் ஒன்றன்கீழ் ஒன்றாக ஏறின.

“வத்தளையில டீசல் ஷெட்டுல லைன்ல நின்னேன் மிஸ். என் முறை வர்றப்ப டீசல் முடிஞ்சிருச்சுன்னுட்டாங்க. நேரத்துக்கு வரணும்னு சொல்லிருந்தாங்களே. அதான் லொறி ஃப்ரிட்ஜுக்குன்னு தனியா இருக்கிற டாங்குல இருந்த டீசலை டியூப் போட்டு எடுத்து எஞ்சினுக்கு ஊத்திட்டேன்.”

“அப்ப குளிர்?”

“அது நிக்கக்கூடாதுல்ல மிஸ்? பேலியகொடை மீன் மார்க்கட்டுல எறங்கி ஐஸ் வாங்கி, பொட்டிக்கு மேலயும் இடுக்குலயும் வச்சேன். சும்மா ஐஸ் கரைஞ்சிரும்னு மீன்காரரு உப்பும் போட்டுக் குடுத்தாரு. இங்க வர்றதுக்கு முன்னாடி மிச்சத்தை எடுத்துப் போட்டுட்டேன்.” எங்கள் முகங்களைப் பார்த்தார். “குளிரத்தானே மிஸ் வேணும்?”

அவர் கேட்டது நியாயமான கேள்வி. எங்களில் யாரும் அவருக்குச் சொல்லவில்லை. இன்சுலினுக்குச் சூடு ஆகாது, அதைவிட உறைந்துபோவது ஆகவே ஆகாது. உறைந்து பிறகு இளகினால் பார்வைக்கு அநேகமாக எந்த வித்தியாசமும் தெரியாது. உப்புப் போட்ட ஐஸ் வெறும் ஐஸைவிடக் குளிரும்.

“எந்தப் பெட்டியில ஐஸ் பட்டது?”

“மாத்தி மாத்தி வச்சேன் மிஸ். எல்லாம் குளிரணும்னு.”

அந்தக் கருவி பெட்டிக்குள் இருந்திருந்தால் ஏதாவது சொல்லியிருக்கும். அது என் மேசை லாச்சியில் கிடந்தது. எடுத்து மிஸ் முன்னால் வைத்தேன். அவர் கொப்பியில் வத்தளைக்கும் கொட்டாஞ்சேனைக்கும் நடுவில் ஒரு கேள்விக்குறி போட்டார். இன்றைக்கும் அது என் வயிற்றுக்குள் இருக்கிறது.

“ஒண்டும் வெளியில போகக்கூடாது,” என்றார்.

நானா எழும்பிவிட்டார். “என்ன செல்றீங்க மிஸ்? சனம் மருந்தில்லாம துடிக்குது! ஒண்டு ரெண்டு பழுதாயீக்கும். அதுக்காக எல்லாத்தையுமா?”

“எது அந்த ஒண்டு ரெண்டு எண்டு காட்டுங்கோ. மிச்சத்தை விடுறன்.”

“நான் போட்டுக் காட்டுறன். இப்பவே. எனக்கு என்ன செய்யுதுண்டு பாருங்க.”

“உங்களுக்கு ஒண்டும் செய்யாது நானா,” என்றார் மிஸ். “அதுதான் என்ர பயம். போட்டிட்டம் எண்டு நீங்கள் நிம்மதியா இருப்பீங்கள். அது உள்ளுக்க ஒண்டுமே செய்யாது.”

நானா உட்கார்ந்தார். பெட்டிகள் எல்லாவற்றிலும் சிவப்பு டேப் ஒட்டினோம். அரசாங்கத்து மருந்து அதிகாரி ஒருவர் வந்து பார்த்து அழிக்கும்வரை அப்படியே நிற்கவேண்டும். பாமசிக்கார அம்மாவுக்கு நானே போன் எடுத்துச் சொன்னேன். அவர் ஏசியதை எழுத முடியாது. ஏசி முடித்துவிட்டு அழுதார்.

அந்தக் கிழமை முழுக்க மிஸ் சரியாகச் சாப்பிடவில்லை. ஒருநாள் நான் துணிந்து கேட்டேன். “மிஸ், ஒருவேளை அது எல்லாம் நல்லதா இருந்தா?”

“தெரியாது அண்ணை.”

“தெரியாமலா இவ்வளவு பேரைக் காக்க வைக்கிறம்?”

“ஓம்,” என்றார். “தெரியாமத்தான். அதுதான் எனக்கு நித்திரை வருகுதில்லை.”

எட்டாம் நாள் அதிகாரி வருவதாக இருந்தது. அதற்கு முன்பு மிஸ் பெட்டிகளைத் திறந்து ஒருதரம் எண்ணினார். மறுபடி எண்ணினார். மூன்றாம் தரம் என்னைக் கூப்பிட்டு எண்ணச் சொன்னார். ஒரு பக்கட் குறைந்தது. ஐந்து சின்னக் குப்பிகள் உள்ள ஒரே ஒரு பக்கட். ஒரு பெட்டியின் சிவப்பு டேப் திரும்ப ஒட்டியிருந்தது, கோணலாக.

குளிர் அறைப் பூட்டைத் திறக்கிற திறப்பு மூன்று பேரிடம்தான். மிஸ், நான், நானா.

“அண்ணை, நீங்கள் எடுத்தனீங்களோ?”

“இல்லை மிஸ்.” உண்மையைத்தான் சொன்னேன்.

நானா இரண்டு நாளாக வரவில்லை. காய்ச்சல் என்று சொல்லியிருந்தார். மிஸ் போனை ஸ்பீக்கரில் போட்டார்.

“நானா, எங்க நிக்கிறீங்கள்?”

“ஊட்டுலதான் மிஸ். படுத்தீக்கிறன்.” நாக்குத் தடித்தவர் போலக் கதைத்தார். “தண்ணி விடாய்தான். எவ்வளவு குடிச்சாலும் அடங்குதில்ல.”

மிஸ் கண்ணை மூடிக்கொண்டார். “நானா, உங்கட ஃப்ரிட்ஜில என்ன இருக்கு?”

மறுபக்கம் மூச்சுச் சத்தம் மட்டும் கேட்டது. பெரிய பெரிய மூச்சு.

“என்டது முடிஞ்சி போச்சு மிஸ்,” என்றார் கடைசியில். “கடையிலயும் இல்ல. சனத்துக்குக் குடுக்கக் கூடாதுண்டு செல்லிட்டீங்க. எனக்கு நான் எடுத்தா யாருக்கு என்ன?”

நானாவின் வீடு இரண்டு தெரு தள்ளி. அந்த வெள்ளைச் சப்பாத்து ஓடி அன்றுதான் பார்த்தேன். நானாவின் மனைவி கதவைத் திறந்தார். மிஸ் முதலில் நானாவிடம் போகவில்லை, குசினிக்குள் போனார். ஃப்ரிட்ஜில் பட்டர் வைக்கிற தட்டில் அந்தப் பக்கட் இருந்தது. இரண்டு குப்பி வெறுமை. மூன்றாவதில் பாதி.

“சுகர் எறங்குதில்லண்டு கூட்டிக் கூட்டிப் போட்டார் மிஸ்,” என்றார் மனைவி. “மாம்பழம் திண்டதாலண்டு என்னை ஏசினார்.”

எட்டு நாளாக எங்களில் யாருக்கும் தெரியாமல் இருந்ததற்கு விடை கட்டிலில் கிடந்தது. நானா சொன்னபடியே போட்டுக் காட்டிவிட்டார். தான் நினைத்தது சரி என்று மிஸ்ஸின் முகத்தில் ஏதாவது தெரிகிறதா என்று பார்த்தேன். அவர் நானாவின் வாயருகே குனிந்து மூச்சை மணந்து பார்த்துக்கொண்டிருந்தார். சீனி ஆபத்தாக ஏறினால் மூச்சில் அழுகிய பழ வாசம் வருமாம்.

“அண்ணை, ஆஸ்பத்திரி. இப்பவே.”

ஓட்டோ எங்கே? எல்லாம் வரிசையில் நின்றன. அம்புலன்சுக்கு எடுத்தால், வருது, வருது என்றார்கள். மிஸ் போனை வெட்டிவிட்டு வேறு நம்பரை அழுத்தினார்.

“முருகேசு, எங்க நிக்கிறீங்கள்?”

“ஜம்பட்டா தெருவுல மிஸ், மரக்கறிக் கடைக்கு முன்னால,” என்று உடனே பதில் வந்தது. அந்த மீன்வாசத்துக்குப் பிறகு அவர் இடம் சொல்லாமல் கதைப்பதில்லை. “ஆனா எஞ்சின்ல டீசல் இல்லீங்க. ஃப்ரிட்ஜ் டாங்குலதான் கொஞ்சம் இருக்கு. அதைத் தொட மாட்டேன் மிஸ், சத்தியமா.”

“லொறிக்குள்ள மருந்து ஏதும் இருக்கோ?”

“இல்ல மிஸ், வெறும் லொறி.”

“அப்ப டியூப்பைப் போட்டு எடுங்கோ. எஞ்சினுக்கு ஊத்துங்கோ. ஊத்திக்கொண்டு நானா வீட்டு வாசலுக்கு வாங்கோ.”

நானாவை நானும் முருகேசுவும் தூக்கி லொறியின் முன்பக்கத்தில் ஏற்றினோம். நாலு பேர் இடுங்கிக்கொண்டு இருந்தோம். அவர் மனைவிக்கு இடமில்லை. வாசலில் நின்று, “எனக்குச் செல்லுங்க மிஸ், எனக்குச் செல்லிக்கொண்டே ஈருங்க,” என்று அழுதார்.

நானா பிழைத்தார். அதை இப்போதே சொல்லிவிடுகிறேன், உங்களையும் பயத்தில் வைத்திருக்க எனக்கு மனமில்லை. அடுத்த கிழமை அதே கட்டிலில் இருந்துகொண்டு, மாம்பழத்தில் பழியைப் போட்டதற்கு மனைவியிடம் மன்னிப்புக் கேட்டார். மிஸ் அந்த வருட முடிவில் மகளோடு வெளிநாடு போய்விட்டார். இப்போது எங்கே என்று கேட்டால் எனக்குத் தெரியாது. அவருக்குப் பிடிக்காத பதில்தான். ஆனால் நான் அவரை நினைக்கும்போதெல்லாம் அவர் நிற்கிற இடம் எனக்குத் தெரியும். அந்த லொறிக்குள்தான்.

லொறிக்குள் இருந்த எங்களுக்கு நானா பிழைப்பார் என்று தெரியாது. அவர் தலை மிஸ்ஸின் தோளில் சரிந்து கிடந்தது. மிஸ் ஒரு கையால் அவர் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு, மறு கையில் போனை வைத்திருந்தார். மனைவியின் குரல் எனக்கும் கேட்டது.

“அவருக்குச் சரியாகுமா மிஸ்?”

“ஆமர் வீதி தாண்டிட்டம்,” என்றார் மிஸ்.

“கதைக்கிறாரா?”

“இல்லை. மூச்சு எடுக்கிறார். மருதானைப் பாலத்தில ஏறுறம்.”

“ஒண்டும் ஆகாதுண்டு செல்லுங்க மிஸ். ஒருக்காச் செல்லுங்க.”

வேறு யாராக இருந்தாலும் சொல்லியிருப்பார்கள். நான் சொல்லியிருப்பேன். ஒன்றும் ஆகாது, எல்லாம் சரி வரும் என்று. மிஸ்ஸின் உதடு அசைந்தது. சொல்லத்தான் போகிறார் என்று நினைத்தேன். போனைக் காதிலிருந்து எடுத்து, நானாவின் முகத்தைப் பார்த்துவிட்டு, திரும்ப வைத்தார்.

“பொரளைச் சந்தியில, சிவப்பு லைட்டில நிக்கிறம். அவர் என்ர தோளில சாஞ்சிருக்கிறார். கை இளஞ்சூடா இருக்கு. இவ்வளவுதான் இப்ப எனக்குத் தெரியும்.”

மறுபக்கத்தில் அழுகை கொஞ்சம் அடங்கியது.

“பச்சை விழுந்திருச்சு மிஸ்,” என்றார் முருகேசு.

“பச்சை விழுந்திட்டுது,” என்று போனில் சொன்னார் மிஸ்.